வளரச் சொன்ன மருந்து

1

கேமரன் மலையைப் பற்றி எழுதுங்கள், குளிரைப் பற்றி, தேயிலையைப் பற்றி எழுதுங்கள் என்று நம் ஊர்ப் பத்திரிகைக்குக் கேட்டிருந்தீர்கள். குளிர் இருக்கிறது. தேயிலை இருக்கிறது. படம் எடுக்க ஆட்கள் காரில் வந்து போகிறார்கள். அவ்வளவுதான்.

எனக்கு இப்போது எழுத ஒன்றுதான் உள்ளது. என் மனைவி லெட்சுமியின் ஒரு பல். அதற்கு மருந்து வைத்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. பல் இப்போது இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்தவன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். முதலில் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டத்தில் வேலை பார்த்தேன். பிறகு ரிங்லெட்டுக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டம். இங்கே பிறந்த பெண்ணைக் கட்டினேன். இங்கேயே இருந்துவிட்டேன். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசையில், ஒரு வீடு. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும்.

2

கம்போங் ராஜாவில் அவித்த சோளம் விற்பார்கள். லெட்சுமிக்குப் பிடிக்கும். அந்தப் பக்கம் போனால் வாங்காமல் வரமாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோளத்தைக் கடித்தவள் அப்படியே நிறுத்தினாள். கதிரைத் திருப்பிப் பார்த்தாள். மணிகளில் ரத்தம்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. சூடு."

சோளம் ஆறிப்போய் இருந்தது.

அதன் பிறகு கத்தியால் சீவி, கிண்ணத்தில் போட்டுத்தான் சோளம் சாப்பிட்டாள். பிறகு அதையும் விட்டாள். கொய்யாப் பழம் போயிற்று. முறுக்கு போயிற்று. பேசும்போது மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்ளப் பழகினாள். நாக்கால் தள்ளினால் பல் ஆடுவது வெளியிலிருந்து பார்க்கிற எனக்கே தெரிந்தது.

அவளுடைய அப்பாவும் இதே தோட்டத்தில் வேலை செய்தவர். நான் பெண் பார்க்கப் போனபோதே அவர் வாயில் ஒரு பல்கூட இல்லை. அப்போது அவருக்கு என்ன வயசோ, அதைவிட எனக்கு இப்போது அதிகம். சோற்றைப் பிசைந்து, மறுபடி பிசைந்து, கூழாக்கித்தான் விழுங்குவார். கல்யாண வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் சமையல்கட்டுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். லெட்சுமிதான் தட்டு எடுத்துக்கொண்டு போவாள்.

பாம்புக்கு அவள் பயந்து நான் பார்த்ததில்லை. மலைச் சரிவு இறங்கி ரோட்டை மூடியபோதும் பயப்படவில்லை. அப்பா மாதிரி சுவரைப் பார்த்து உட்காருவதற்குப் பயந்தாள்.

டவுன் கிளினிக்கில் காட்டினோம். ஈறில் நோய் என்றார்கள். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு உள்ளே கரைந்துவிட்டதாம். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான். ஒவ்வொரு பல்லாகத் தொட்டு "சாபூட்" என்றார். பிடுங்கு என்பதற்கு மலாயில் அந்தச் சொல். அடுத்த பல்லைத் தொட்டார். மறுபடி அதே சொல்.

நம் ஊர்ச் சந்தையில் பல் பிடுங்குகிறவர் துணி விரித்து உட்கார்ந்திருப்பாரே, நினைவிருக்கிறதா. பிடுங்கிய பற்களை அடுக்கி வைத்திருப்பார். பல் அதிகம் இருந்தால் கைராசிக்காரர் என்று நினைப்போம். அந்தப் பற்களுக்குச் சொந்தக்காரர்கள் அப்புறம் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று நான் யோசித்ததில்லை. கிளினிக் வாசலில்தான் யோசித்தேன்.

"பிடுங்கமாட்டேன்," என்றாள் லெட்சுமி. "விழுறது தானா விழட்டும்."

3

எங்களுக்கு ஒரே மகள். தர்ஷினி. கோலாலம்பூரில் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து பெயர் பதிகிறாள். வாரம் ஒரு முறை பேசுவாள். அவள் பேச்சில் பாதி மலாய், கால் ஆங்கிலம். மிச்சம் எங்களுக்கு. வாட்சாப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அவள் வேலைக்குப் போயிருப்பாள்.

அவள்தான் சொன்னாள். ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் புது வைத்தியம் செய்கிறார்கள், பல்லைப் பிடுங்காமல், வேரின் மேல் பல்லைப் பிடித்திருக்கும் கெட்டியான பகுதியைத் திரும்ப வளர வைக்கிறார்கள் என்று.

"வளருமா லா?" என்றாள் லெட்சுமி. இங்கே எதைப் பேசினாலும் கடைசியில் ஒரு லா வரும்.

"ட்ரை பண்ணலாம்மா. ப்ராமிஸ் யாரும் பண்ணமாட்டாங்க."

போனோம். கவுண்டரில் அடையாள அட்டை கேட்டார்கள். இதை ஊரில் சொன்னால் நம்பமாட்டீர்கள். இங்கே குடிமக்களுக்கு நீல அட்டை. வெளியிலிருந்து வந்து தங்கியவர்களுக்குச் சிவப்பு. என் அட்டை சிவப்பு. நியாயம். லெட்சுமி இந்த லயத்தில் பிறந்தவள். அவள் பிறந்ததை அப்பா நேரத்துக்குப் போய்ப் பதியவில்லை. அதனால் அவளுக்கும் சிவப்பு. மகளுக்கு நீலம். கவுண்டர்காரப் பெண் எங்கள் இரண்டு அட்டைகளையும் பார்த்து, எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று லெட்சுமியைக் கேட்டாள்.

"ரிங்லெட்," என்றாள் லெட்சுமி.

அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வேறொரு ஜன்னலுக்குப் போகச் சொன்னாள். அங்கிருந்து இன்னொன்று. தர்ஷினி முன்னால் நடந்தாள். எங்களோடு வந்தவள் மாதிரி இல்லாமல், எங்களைக் கூட்டிப்போகிற அந்த இடத்து ஆள் மாதிரி நடந்தாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் அப்படி நடந்ததால்தான் கதவு திறந்தது.

டாக்டர் சின்னப் பெண். தமிழ்ப் பெண். பொறுமையாகப் பேசினார்.

"அங்கிள், பல்லு வேர் மேல எலும்பு மாதிரி கெட்டியா, மெல்லிசா ஒரு லேயர் இருக்கும். அதுல நார் ஒட்டிக்கிட்டுதான் பல்லைப் பிடிச்சு வச்சிருக்கும். ஆன்டிக்கு அது கெட்டுப்போச்சு. நாங்க ஈறைத் திறந்து, வேரைச் சுத்தம் பண்ணி, ஒரு ஜெல் தடவுவோம். வளர்ச்சிக் காரணின்னு சொல்வாங்க. அது அங்க இருக்கிற செல்லுங்களைக் கூப்பிட்டு, இங்க வந்து வளருன்னு சொல்லும்."

"சொன்னாக் கேக்குமா டாக்டர்?" என்றாள் லெட்சுமி.

"சிலருக்குக் கேக்கும்."

"நான் பெத்ததே கேக்க மாட்டேங்குது."

டாக்டர் சிரித்தார். தர்ஷினி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஈறு சீக்கிரம் வளரும் ஆன்டி. கெட்டியானது மெதுவாத்தான் வளரும். நடுவுல பல்லு ஆடிச்சுன்னா, ஈறு முந்திக்கிட்டு உள்ள இறங்கி இடத்தைப் பிடிச்சுக்கும். அப்புறம் கெட்டியானதுக்கு இடமே இருக்காது. ஆடவே கூடாது. அது ஒண்ணுதான் நீங்க பார்த்துக்கணும்."

மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் அது ஒன்று. அது நின்றால் மற்ற பற்களுக்கும் வைப்பார்கள். நிற்காவிட்டால் இல்லை. வெளியே பெஞ்சில் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள்.

4

மருந்து வைத்த அன்று நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். லெட்சுமி வரும்போது கன்னம் வீங்கியிருந்தது. பல் ஆடாமலிருக்கப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து உள்பக்கமாக மெல்லிய கம்பி ஒட்டியிருந்தார்கள்.

தர்ஷினி எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போகவில்லை. "இடம் பத்தாதுப்பா, கூட ரெண்டு பேர் இருக்காங்க," என்றாள். பஸ் நிலையத்தில் கஞ்சி வாங்கிக் கொடுத்து ஏற்றிவிட்டாள். கண்ணாடி வழியாகக் கையசைத்தாள். பஸ் நகர்வதற்குள் திரும்பி நடந்துவிட்டாள்.

தாப்பாவிலிருந்து மேலே ஏறுகிற ரோடு முழுக்க வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் லெட்சுமி தாடையைக் கையால் தாங்கிக்கொண்டாள். முட்டைக் கூடையை மடியில் வைத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் கஞ்சி. மசித்த பூசணி. வலப்பக்கம் மட்டும் மென்றாள். அந்தப் பக்கம் பிரஷ் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மருந்துத் தண்ணீரால் கொப்பளித்தாள். சத்தமாகக்கூடச் சிரிக்கவில்லை. தும்மல் வந்தால் இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொள்வாள்.

"அதுகிட்டப் பேசிப் பாரேன்," என்றேன் ஒரு நாள்.

"என்னன்னு?"

"வளருன்னு."

"அதுக்கு எந்த பாஷை தெரியுமோ," என்றாள்.

முதல் வாரம் தர்ஷினி தினமும் கூப்பிட்டாள். பிறகு செய்தி மட்டும் வந்தது. பிறகு கட்டைவிரல் படம்.

5

சில மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் வேருக்குப் பக்கத்தில் கறுப்பாகப் பள்ளம். புதியதில் பள்ளத்தின் அடியில் லேசாக வெளுப்பு. கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அது மாதிரி.

"ஏதோ வருது ஆன்டி," என்றார். "ஆனா இன்னும் இளசு. இன்னும் கெட்டிப்படல. கம்பி அப்படியே இருக்கட்டும்."

லெட்சுமி அந்தப் படத்தை என் போனில் எடுத்துத் தரச் சொன்னாள். லயத்தில் எல்லோருக்கும் காட்டினாள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "இங்க பாரு லா, இங்க," என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

அந்த நாட்களில்தான் அண்ணனுக்குப் போன் செய்தேன். நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் எனக்கு என்று விட்டிருந்த இடத்தில் ஒரு அறை போட்டுவிட்டானாம். மகனுக்குக் கல்யாணம் ஆனதால் இடம் போதவில்லையாம். "நீ எங்கடா வரப்போற," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். ஈறு முந்திக்கொண்டு வரும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அண்ணன்மேல் தப்பில்லை. காலி இடம் காலியாகக் கிடக்காது.

6

இங்கே கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைவு. மெஷின்தான். தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு போக வேண்டும். வெட்டின இலை பின்னால் தொங்கும் பையில் விழும். என்னோடு மெஷின் பிடிப்பவன் சுமோன். வங்காளதேசத்துப் பையன். எங்களிடம் மலாயும் தமிழும் கலந்து பேசுவான். லெட்சுமி பின்னால் வந்து, இலையைச் சாக்கில் திணித்துக் கட்டி, ரோட்டோரம் உருட்டி விடுவாள். லோரி வந்து ஏற்றிக்கொள்ளும்.

சாக்குக் கட்டுவது எப்படி என்று சொல்ல வேண்டும். சரிவில் நிற்கிறீர்கள். சாக்கு உருண்டுவிடாமல் முழங்காலால் அழுத்த வேண்டும். ஒரு கையால் சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடிக்க வேண்டும். மறு கையால் பிளாஸ்டிக் கயிற்றைச் சுற்ற வேண்டும். இழுத்து முடிச்சுப் போட மூன்றாவது கை இல்லை. கயிற்று நுனியைப் பல்லில் கடித்துத் தலையை வெட்டி இழுப்போம். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். அவளுடைய அப்பாவும் அப்படித்தான் கட்டினார். பல் இருந்தவரை.

டாக்டர் கொய்யாவைக் கடிக்காதே, எலும்பைக் கடிக்காதே, கரும்பைக் கடிக்காதே என்றெல்லாம் சொன்னார். கயிற்றைக் கடிக்காதே என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. எங்களுக்கும் தோன்றவில்லை. அது கடிப்பதில் சேர்த்தியா என்ன.

லீவு முடிந்து அவள் வேலைக்கு வந்த புதிதில் சுமோன்தான் கட்டிக் கொடுத்தான். பிறகு அவள் தானே இரண்டு கையாலும் மெதுவாகக் கட்டினாள். நன்றாகத்தான் போயிற்று.

அன்று மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. லோரி கீழே வந்து நின்று ஹாரன் அடித்தது. கங்காணி ரோட்டிலிருந்து கத்தினார். நாங்கள் மெஷினை இறக்கிக்கொண்டிருந்தோம். கடைசிச் சாக்கு லெட்சுமி கையில். கயிறு நனைந்து வழுக்கியது. சாக்கு நழுவத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முழங்காலால் அழுத்தினாள். வாயைச் சுருட்டினாள். கயிற்றைச் சுற்றினாள். தலையை வெட்டி இழுத்தாள்.

முடிச்சு விழுந்தது. நல்ல முடிச்சு.

அவள் அப்படியே நின்றாள். கயிற்று நுனி வாயிலேயே இருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாக எடுத்தாள். கயிற்றில் அந்தக் கம்பி மாட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, என்ன ஆச்சு?" என்றான் சுமோன்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "சாக்கைத் தள்ளுடா."

7

டாக்டர் மறுபடி படம் எடுத்தார். வெளுப்பு இருந்த இடத்தைத் தேடினார். அங்கே மறுபடி கறுப்புதான்.

"இழுத்ததால மட்டும்தான் இப்படின்னு என்னால சொல்ல முடியாது ஆன்டி. இழுக்காம இருந்திருந்தாலும் போயிருக்கலாம். சிலருக்கு நிக்கறதில்ல."

அவர் எங்களுக்காக அப்படிச் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

தர்ஷினிக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு விஷயம்தானேம்மா சொன்னாங்க. ஆடக்கூடாதுன்னு. நான் எத்தனை பேரைக் கெஞ்சி இதுல உங்களைச் சேர்த்தேன் தெரியுமா? கயிறா முக்கியம்?"

லெட்சுமி ரத்தத்துக்கு வைத்த பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் எங்கடி நெனச்சேன். கை கூப்பிட்டுச்சு. வாய் போயிருச்சு."

தர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் ஆடியது. நான் போய்த் தொடவில்லை.

அன்றே பல்லை எடுத்துவிட்டார்கள். பிடுங்கத் தேவைப்படவில்லை என்றே சொல்லலாம். டாக்டர் லெட்சுமியின் கையைப் பிடித்து, மற்றப் பற்களுக்கு இப்போது வைக்க முடியாது, மன்னிச்சுக்குங்க என்றார். வேருக்கு மேல் ஏதாவது வளர்ந்ததா என்று பார்க்க அந்தப் பல்லை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"வச்சுக்குங்க," என்றாள் லெட்சுமி. "வளந்திருந்தா எனக்குச் சொல்லாதீங்க."

இது வரை யாரும் சொல்லவில்லை.

8

அதற்குப் பிறகு கீழ்வரிசையில் இரண்டு தானாக விழுந்தன. ஒன்று பல் துலக்கும்போது. ஒன்று தூக்கத்தில். காலையில் எழுந்து தலையணையைத் தடவிக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினாள்.

தீபாவளிக்கு தர்ஷினி வந்தாள். அம்மாவுக்குப் பல்செட் பண்ணலாம் என்றாள். மிச்சமும் விழட்டும், சேர்த்துப் பண்ணிக்கலாம் என்றாள் லெட்சுமி. அம்மா முறுக்கு சுட்டாள். மகள் அம்மாவுக்கு முன்னால் முறுக்கைக் கடிக்கச் சங்கடப்பட்டு, பால்தேநீரில் ஊறவைத்துச் சாப்பிட்டாள். மறுநாளே கோலாலம்பூருக்குப் போய்விட்டாள்.

போன மாதம் தோட்டத்தில் ஒரு கல்யாணம். எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தோம். பக்கத்து இலை காலியாகவே இருந்தது. எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சமையல்கட்டுக்குப் பின்னால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "சுவத்தைப் பாத்து உக்காரல. பாருங்க, இந்தப் பக்கம் பாத்துதான் உக்காந்திருக்கேன்," என்றாள். உண்மைதான். தேயிலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நானும் இலையை எடுத்து வந்து அங்கேயே உட்கார்ந்தேன்.

வேலைக்கு வருகிறாள். வராவிட்டால் வீடு போய்விடும். இன்று காலை சுமோனுக்குக் காய்ச்சல். மெஷின் இல்லை. நானும் அவளும் கத்தரியால் வெட்டினோம். சாக்கு நிறைந்ததும் அவள் முழங்காலால் அழுத்தினாள். வாயைச் சுருட்டினாள். கயிற்றைச் சுற்றினாள். நுனி வாய்வரை போயிற்று. உதடு திறந்தது. அங்கே நின்றுவிட்டாள்.

கயிற்றை என் பக்கம் நீட்டினாள்.

என் இரண்டு கையும் சாக்கின் மேல் இருந்தன. குனிந்து நுனியைப் பல்லில் கடித்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாங்க," என்றாள்.

கீழே லோரி ஹாரன் அடித்தது. மெதுவாக இழுத்தால் முடிச்சு நிற்காது. இழுத்தேன்.